உலகப் பிரசையும் நாடற்றவரும்: ஒரு கல்விக் கோட்பாடு பற்றிய சில விமரிசனக் குறிப்புகள்

அண்மைக் காலத்திற் கல்வியியலாளரிடையே பெருவழக்குப் பெற்றுவிட்ட தொடர்களுள் 'உலகக் குடியுரிமைக் கல்வி' என்பதும் ஒன்றாகும். தொடர் புதிதாயினும் அதன் உள்ளடக்கம் முற்றிலும் புதிதன்று. 1974ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பாரிஸ் நகரிற் கூடிய யுனெஸ்கோ பொதுமாநாடு, சர்வதேசப் புரிந்துணர்வு, ஒத்துழைப்பு, சமாதானம், மனித உரிமைகள் என்பன பற்றிய கல்விக்கென விதப்புரை ஒன்றை நிறைவேற்றியது. 2012இல் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகமாயிருந்த பான் கி-மூன் தொடக்கிவைத்த கல்வி முன்னெடுப்பு, உலகக் குடிமையை வளர்த்தலைத் தன் மூன்று முதன்மைகளுள் ஒன்றாகக் கொண்டது. 2015இல் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள் நான்காவதன் ஏழாம் உட்பிரிவிலே அது இடம்பெற்றது. அதே ஆண்டில் யுனெஸ்கோ கலைத்திட்டம் வகுப்போர்க்கென வழிகாட்டி நூலொன்றையும் வெளியிட்டது. 2023இல் 1974ஆம் ஆண்டு விதப்புரையே திருத்தி எழுதப்பட்டது.

ஓர் எண்ணம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக மாநாடுகளிற் பேணப்பட்டு, பாடநூலுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் நுழையும்பொழுது, அதனை வரவேற்பதோடு அமையாது ஆராய்ந்து பார்த்தலும் நமது கடனாகும். உலக மாந்தர் யாவரும் ஒரு குலத்தவர் என்ற கருத்தினை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அக்கருத்து எவருக்குச் சொல்லப்படுகின்றது, சொல்லப்படும் இடத்திலே 'குடிமை' என்னும் சொல்லுக்கு என்ன வரலாறு உண்டு என்பனவே ஈண்டு எழுப்பப்படும் வினாக்கள்.

நம்மவர் இவ்விடயம் பற்றிப் பேசப் புகுந்தால் முதலில் எடுத்தாளுவது புறநானூற்றின் 192ஆம் செய்யுளை. கணியன் பூங்குன்றனாரின் அம்முதலடி பரிசளிப்பு விழாக்களிலும் சுவர்களிலும் மலர்களின் முகப்பிலும் ஓயாது ஒலிக்கின்றது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே நாம் உலகக் குடிமக்களாய் இருந்துவிட்டோம் என்ற பெருமித உணர்வே அவ்வாறு எடுத்தாள்வோரிடம் மேலோங்கி நிற்கின்றது. ஆயின் செய்யுள் முதலடியோடு முடிந்துவிடவில்லை. நன்மையும் தீமையும் பிறரால் வருவன அல்ல என்பதும், வெள்ளத்திற் செல்லும் மிதவைபோல் உயிர் முறைவழிப்படும் என்பதும், ஆதலாற் பெரியோரை வியத்தலுஞ் செய்யோம், சிறியோரை இகழ்தல் அதனினும் செய்யோம் என்பதும் அதன் பொருள். இவற்றுள் ஊழ்பற்றிய கருத்தினை இன்றைய கல்வியியலாளர் ஏற்கமாட்டார், ஏற்கவேண்டியதுமில்லை. ஆனால் இறுதிப்பகுதி, சமூக ஏற்றத்தாழ்வினை நேரே நோக்கிய ஒரு புலவனின் கூற்று. முதலடியை மேடையில் ஏற்றி இறுதியடியை ஏட்டிலே விட்டுவைத்தமை தற்செயலானதென்று கூறுவதற்கில்லை.

சொல்லை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய மொழிகளிலே குடிமையைக் குறிக்குஞ் சொற்கள் பெரும்பாலும் நகரத்தோடு தொடர்புடையன. நகரவையிற் குரலுடையவன் என்பது அவற்றின் அடிப்பொருள். நம் மொழியிற் 'குடி' என்பது குடும்பம், குலம், ஊர்வாழ் மக்கள் ஆகியவற்றைச் சுட்டும். 'பிரசை' என்னும் வடசொல்லுக்கு மகவு என்றும், அரசனால் ஆளப்படுவோர் என்றும் பொருள். ஒன்று பிறப்பினை அடியாகக் கொண்டது. மற்றது ஆளப்படுதலை அடியாகக் கொண்டது. உரிமை என்பது இரண்டிலும் பின்னர் வந்து ஒட்டிய பொருளாகும்.

யாழ்ப்பாணச் சமுதாய வரலாற்றை அறிந்தோர்க்கு இன்னொரு பொருளும் நினைவுக்கு வரும். அங்கே 'குடிமை' என்றும் 'குடிமக்கள்' என்றும் அழைக்கப்பட்டோர், நிலவுடைமைச் சாதியினர்க்குப் பரம்பரை பரம்பரையாகத் தொண்டு செய்யக் கட்டுண்டிருந்த நாவிதர், சலவைத் தொழிலாளர் முதலானோர். 'அடிமை குடிமை' என்பது அங்கு இணைமொழியாகவே வழங்கிற்று. ஆகவே இன்று பாடநூலின் அட்டையில் உரிமையைக் குறித்து நிற்கும் சொல், சில தலைமுறைக்கு முன்னர் உரிமையின்மையைக் குறித்து நின்றது. ஒரு சொல் தன் பொருளை இவ்வாறு தலைகீழாக மாற்றிக்கொள்வது நல்ல செய்தியே. ஆனால் மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று. 1920களின் இறுதியிலும் 1930களிலும் பாடசாலைகளிலே சமாசனம், அதாவது எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்திருத்தல், வலியுறுத்தப்பட்டபொழுது எழுந்த எதிர்ப்பும், பாடசாலைகள் எரிக்கப்பட்ட நிகழ்ச்சிகளும், அவ்வேளையிற் சமத்துவத்தின் பக்கம் நின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பணியும் அம்மாற்றத்தின் படிகளாகும். 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயக் கதவின் முன்னர் மனிதர் நிற்கவேண்டியிருந்தது. குடிமை பற்றிய முதற்பாடம் நம்மிடையே நடந்தது ஒரு வாங்கின் மேல் என்பதை எந்தக் கலைத்திட்டமும் மறக்கலாகாது.

இனி, 2015ஆம் ஆண்டு வழிகாட்டி நூலுக்கு வருவோம். அறிவு, சமூக மனவெழுச்சி, நடத்தை என்னும் மூன்று புலங்களை வகுத்து, அவற்றின்கீழ் ஒன்பது தலைப்புகளை நிறுத்தி, ஐந்து வயது முதற் பதினெட்டும் அதற்கு மேலும் வரையிலான மாணவரை நான்கு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் கற்றல் நோக்கங்களைக் கூறுவது அந்நூல். அதன் சிறப்பு யாதெனில், மூன்றாவது தலைப்பாக, மறைந்து கிடக்கும் எடுகோள்களையும் அதிகார உறவுகளையும் வைத்தமையாகும். வெறும் நல்லெண்ணப் போதனையாக இக்கல்வி தேய்ந்துவிடலாகாது என்ற எச்சரிக்கை வகுத்தோர்க்கு இருந்திருக்கின்றது. இதனை ஒப்புக்கொள்ளாது குறைமட்டும் கூறுதல் நேர்மையாகாது.

எனினும் ஒன்பது தலைப்புகளையும் கருத்தூன்றி வாசிப்போர்க்கு ஒரு வெற்றிடம் புலப்படும். குடியுரிமை எவ்வாறு பெறப்படுகின்றது, எவ்வாறு மறுக்கப்படுகின்றது, எவ்வாறு பறிக்கப்படுகின்றது என்பது எந்தத் தலைப்பாகவும் இல்லை. உலகக் குடிமை ஒரு சட்ட நிலையன்று, பரந்த மானிட சமுதாயத்தைச் சேர்ந்தவர் என்னும் உணர்வே அது என்று யுனெஸ்கோ தானே விளக்கங் கூறிவிடுகின்றது. தர்க்க முறையில் இது சரியே. உலக அரசு ஒன்று இல்லாதபொழுது உலகக் கடவுச்சீட்டும் இருக்கமுடியாது. ஆயினும் இவ்விளக்கத்தினுள்ளே ஓர் எடுகோள் ஒளிந்திருக்கின்றது. மாணவன் ஏற்கெனவே ஒரு நாட்டின் பிரசை. அந்தச் சிறிய வட்டத்தினின்று பெரிய வட்டத்துக்கு அவனை அழைத்துச் செல்லுதலே ஆசிரியரின் பணி என்பதே அது. மூன்றாவது தலைப்பு கேட்கச் சொல்லும் கேள்வியை அந்நூலின் மீதே கேட்கும்பொழுது கிடைக்கும் விடை இதுவாகும்.

வட்டங்கள் என்ற உருவகம் பழையது. இரண்டாம் நூற்றாண்டின் ஸ்டோயிக் மெய்யியலாளரான ஹியரோக்ளிஸ், தான், குடும்பம், ஊர், நாடு, மனிதகுலம் என ஒன்றையொன்று சூழ்ந்த வட்டங்களைக் கூறி, வெளிவட்டத்தினரை உள்நோக்கி இழுத்தலே அறம் என்றார். 1994இல் மார்த்தா நுஸ்பாம் எழுதிய பெயர்பெற்ற கட்டுரை இவ்வுருவகத்தைக் கல்வித்துறைக்கு மீளக் கொணர்ந்தது. நமது ஆரம்பக் கல்வியிலும், பழைய சமூகக்கல்விப் பாடத்திலும், வீட்டிலிருந்து ஊருக்கும் ஊரிலிருந்து நாட்டிற்கும் விரிந்து செல்லும் முறையே பின்பற்றப்பட்டு வந்துள்ளது.

இவ்வுருவகத்தை மலையகத் தோட்டமொன்றின் லயத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதன் பின்னர் சில பத்தாண்டுகளுக்குள், அம்மலைகளிற் பறிக்கப்பட்ட கொழுந்து இலண்டன் ஏலத்திலே விலை கூறப்பட்டது. கொழும்பு ஏலம் 1883இல் தொடங்கிற்று. இலண்டன் ஏலம் 1998 வரை நடைபெற்றது. அங்கே விலை சரிந்தால் இங்கே வேலைநாள் குறைந்தது. மடுவத்திலே நிறுத்த கொழுந்தின் நிறை போதாவிடின் அரைப்பேர். அத்தராசு முள்ளின் மறுமுனை, தொழிலாளி ஒருபோதும் காணாத நகரத்திலே அசைந்தது. உலகத்தோடு இவ்வளவு நெருங்கிய பிணைப்பு இலங்கையில் வேறெந்த மக்கட் கூட்டத்துக்கும் இருந்ததென்று கூறமுடியாது. உலகமென்னும் வெளிவட்டம் அவர்களின் வாசற்படியிலேயே நின்றது.

நடுவிலிருந்த வட்டமே அவர்களுக்கு அடைபட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அதற்கு முன்னர் இந்நாட்டிற் பிறந்தோர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என்று விதித்தது. பிறப்புப் பதிவு செவ்வையாக இல்லாத காலத்தவரின் சான்றுகளைத் தோட்டத் தொழிலாளி எங்கே தேடுவது? தாயின் பிறப்பிடம் கணக்கில் எடுக்கப்படவேயில்லை. தாய்வழியாகவும் பிரசாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுத் திருத்தம்வரை காத்திருக்க நேர்ந்தது. 'குடிமகன்' என்னும் சொல்லில் மகள் மறைந்துபோனதைக் குறித்து வருந்துவோர் இச்சட்டத்தையும் ஒருமுறை எடுத்து வாசித்தல் நன்று.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றஞ் சென்றிருந்தனர். 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தத்தின் பின்னர் அவர்களுக்கு வாக்களித்தோரிற் பெரும்பாலார்க்கு வாக்கில்லை. அதே ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே பதிவு பெற்றனர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவுசெய்தது. எஞ்சிய 150,000 பேர், 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளும்வரை, எவர் பங்கிலும் சேராதிருந்தனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் இங்கு எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது.

அதற்கும் உட்பட்ட வட்டம் ஊராகும். அதுவும் முழுமையாக இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, 2018இல் திருத்தப்படும்வரை, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடுவதற்குத் தடையாய் விளங்கிற்று. வாக்குரிமை பெற்றுப் பிரதேச சபைக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்தவரும், தம் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடுமாறு அச்சபையைக் கேட்கமுடியாதிருந்தனர். பாடசாலை வரலாறும் இதனையொத்ததே. கன்னங்கராவின் பெயரோடு நாம் போற்றும் இலவசக் கல்வி 1940களில் வந்தது. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையாயின. தோட்டப் பாடசாலைகளை அரசு கையேற்கும் பணியோ 1970களிலேதான் நடைபெற்றது.

இப்பின்னணியில் நோக்கின், உள்ளிருந்து வெளியே விரியும் வட்டங்கள் என்னும் கற்பித்தல் ஒழுங்கு, வட்டங்கள் யாவும் முழுமையாக உள்ளவர்களின் அனுபவத்தையே பொது அனுபவமாகக் கொள்கின்றது என்பது தெளிவாகும். அனா அரென்ற் 1951இல் வெளிவந்த தமது நூலிலே, அரசொன்றைச் சேராத மனிதன் வெறும் மனிதனாக மட்டும் எஞ்சும்பொழுது மனித உரிமைகளே அவனைக் கைவிட்டுவிடுவதை எடுத்துக்காட்டினார். ஐரோப்பிய அகதிகளை மனத்திற்கொண்டு அவர் எழுதியது, அவர் அறிந்திராத அட்டனுக்கும் பண்டாரவளைக்கும் அப்படியே பொருந்திற்று.

மேலைநாட்டு வகுப்பறைகளிலே வழங்கும் ஒரு பயிற்சியை இவ்விடத்திற் குறிப்பிடலாம். கடையிற் கிடைக்கும் வாழைப்பழத்தையோ தேயிலையையோ எடுத்து, அது எங்கிருந்து வந்தது, எவர் கைகளைக் கடந்தது, ஒவ்வொருவர்க்கும் என்ன பங்கு கிடைத்தது என மாணவர் தேடிச்செல்வர். நல்ல பயிற்சிதான். ஆயின் அதன் முடிவிலே இலண்டன் மாணவன் இரக்கமுறுகின்றான். நியாய வர்த்தக முத்திரை பொறித்த பொதியை வாங்க உறுதி கொள்கின்றான். 2006இல் வனெஸ்ஸா அந்திரியோத்தி இத்தகைய கல்வியை 'மென்மையான' உலகக் குடிமைக் கல்வி என வகைப்படுத்தி, தன் பங்கினை ஆராயாது பிறர்க்கு உதவுபவனாகத் தன்னைக் கருதிக்கொள்ளும் மனப்பான்மையை அது வளர்க்கின்றதென்று கண்டித்தார். கண்டனம் தகுந்ததே. ஆயினும் அவரது வாதமும் பெரும்பாலும் உதவும் கையை நோக்கியே பேசுகின்றது. அதே பயிற்சியை மறுமுனையில், கொழுந்து பறிப்பவரின் பிள்ளை இருக்கும் வகுப்பிலே நடத்தினால் என்ன ஆகும்? அப்பிள்ளைக்கு இரக்கம் வேண்டுவதில்லை, கணக்கு வேண்டும். பொதியின் விலை, ஏல விலை, நாட்கூலி ஆகிய மூன்றையும் அருகருகே எழுதிப் பார்க்கும் பாடமே அதற்குரிய உலகக் குடிமைப் பாடம்.

இக்கல்வி அனைத்தும் ஏகாதிபத்தியத்தின் புதிய முகமூடி என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவோரும் உளர். எல்லையற்ற சந்தைக்கு எல்லையற்ற மனப்பான்மையுள்ள ஊழியர் தேவை, அவரை உருவாக்கவே இப்பாடம் என்பது அவர் வாதம். பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு 2018இல் நடத்திய பீசா ஆய்விலே 'உலகளாவிய தேர்ச்சி' ஒரு பரீட்சைப் பொருளாகிவிட்டதைக் காணும்பொழுது அவ்வாதத்திற் சிறிது உண்மை இருப்பதாகவே தோன்றுகின்றது. 27 நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் மட்டுமே அத்தேர்வினை எழுதின என்பது சுவையான செய்தி. ஆனால் முற்றாகத் தள்ளிவிடுதல் நமக்குக் கட்டுப்படியாகாது. 1970களின் இறுதிமுதல் இந்நாட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்கின்றனர். கஃபாலா முறையின் கீழ் அவர்களின் வரவும் போக்கும் எசமானின் கையிலிருப்பதே அங்கு நெடுங்கால வழக்கம். அவர்களின் பிள்ளைகளுக்கு எல்லைகடந்த உரிமைகள் பற்றிய அறிவு ஆடம்பரப் பொருளன்று.

இன்னொரு புறத்திலே, உலகைப் பேசுவது அயலானைப் பேசாதிருப்பதற்கு எளிய வழியாகவும் அமைந்துவிடக்கூடும். நமது பாடசாலைகள் மொழிவழியாகப் பிரிந்தவை. சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முதலாம் ஆண்டு முதற் பெரும்பாலும் வெவ்வேறு கட்டடங்களிற் கற்று, பல்கலைக்கழகத்திலேதான் ஒருவரையொருவர் முதன்முறை சந்திக்கின்றனர். அங்கும் ஆங்கிலத்திலே பேசிக்கொள்கின்றனர். 1980களின் முற்பகுதியில் றெஜி சிறிவர்தன முதலானோர் பாடநூல்களை இன உறவு நோக்கில் ஆராய்ந்து எழுப்பிய கேள்விகள் இன்றும் உயிருடன் இருக்கின்றன. 2008இல் சமூக ஒத்திசைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கை ஒன்று வகுக்கப்பட்டது. ஆயினும் க.பொ.த. சாதாரண தரத்திலே வரலாறு கட்டாய பாடமாகவும், குடியுரிமைக் கல்வி தெரிவுப் பாடமாகவும் வைக்கப்பட்ட ஒழுங்கு, எது இன்றியமையாததெனக் கருதப்பட்டது என்பதைத் தானே கூறிவிடுகின்றது. ஆபிரிக்கச் சிறுவனின் படத்தைக் கண்டு அவனைச் சகோதரன் என எழுதும் மாணவி, அடுத்த தெருவிலுள்ளவரின் மொழியில் நலம் விசாரிக்க அறியாதிருப்பின், அவள் எழுதியது பரீட்சை விடை மட்டுமே.

இவ்விடத்தில் தாகூரை நினைத்தல் பொருந்தும். 1921இல் விசுவபாரதியை நிறுவி உலகையே ஒரு கூட்டில் அழைத்த அவர், அடுத்த ஆண்டிலேயே அருகிலிருந்த சுருல் கிராமத்திற் சிறீநிகேதனைத் தொடக்கி, உழவு, நெசவு, மலேரியா ஒழிப்பு என்பவற்றிலே கவனஞ் செலுத்தினார். தேசியவாதத்தைக் கண்டித்தவர் கிராமத்தை விட்டு ஓடவில்லை. இரண்டையும் அவர் வரிசைப்படி செய்யாது ஒருங்கே செய்தார் என்பதே நம் கலைத்திட்ட வகுப்பாளர் அவரிடம் கற்கத்தக்கது.

இக்கட்டுரையாளர் மலையகப் பாடசாலையொன்றிலே சில காலம் கற்பித்தபொழுது, ஒன்பதாம் ஆண்டு மாணவரிடம் வட்டப் பயிற்சியைச் செய்யுமாறு கூறியதுண்டு. வீடு, ஊர், நாடு, உலகம். பெரும்பாலோர் ஊர் வட்டத்திலே தோட்டத்தின் பெயரை எழுதினர்; அது ஓர் ஆங்கிலேயத் துரை இட்ட பெயர். மாணவி ஒருத்தி வீட்டு வட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். காரணம் வினவியபொழுது, லயம் கொம்பனிக்குச் சொந்தமென்றும், தங்கள் கடிதங்கள் தோட்டத்து ஒபிசுக்கே வருமென்றும் கூறினாள். வழிகாட்டி நூலை மூடிவைத்துவிட்டு, மறுநாட் பாடத்துக்கு மூன்று பொருள்களைத் தயார்செய்தேன்: 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வம்சாவளிப் பிரிவு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் எண்கள், 2003ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டுப் பெட்டியிற் பாட்டன் பாட்டியின் பத்திரங்கள் ஏதும் இருப்பின் கேட்டுக்கொண்டு வரலாமென்றும் கூறியிருந்தேன். ஐவர் கொணர்ந்தனர். ஒன்று கறையான் அரித்த விண்ணப்பப் பிரதி. அதன்மேல் நிராகரிக்கப்பட்டதென ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. கொணர்ந்த பையனுக்கு அச்சொல்லின் பொருள் தெரிந்திருக்கவில்லை. வீட்டிலும் எவரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஒப்பந்தத்தின் எண்களைக் கரும்பலகையில் எழுதி, கூட்டிப் பார்க்குமாறு சொன்னேன். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம், மூன்று இலட்சம் என எழுதி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "மிச்சம் ஒன்றரை லட்சம் பேரு அந்தப் பத்து வருசமும் எங்க சேர் இருந்தாங்க?" என்று கேட்டான். இருந்த இடத்திலேயே இருந்தார்கள், கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள் என்றேன். அந்தப் பாடவேளையும் அடுத்ததும் அவ்வினாவிலேயே கழிந்தன. வேற்றுமைகளை மதித்தல் என்னும் ஆறாம் தலைப்புக்கு அவ்வாரம் நாங்கள் போய்ச் சேரவில்லை.